வாசற்படியில் ஒரு பூசணிக்காய்

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் சந்தைக்குப் போய்விட்டு வந்தாள். இரண்டு கையிலும் பை. கதவைத் திறக்கக் கை வேண்டும் என்று, அக்குளில் இடுக்கியிருந்த மஞ்சள் பூசணிக்காயை எடுத்து வாசற்படியில் வைத்தாள். உள்ளேயிருந்து அதைப் பார்த்த நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வாத்தியார் வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பாவம் அந்தப் பெண். கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு என்னென்ன வைக்கலாம் என்று யோசித்து, கடைசியில் பூசணி அல்வா கிண்டலாம் என்று வாங்கி வந்திருக்கிறாள். டி.வி.யில் பார்த்தாளாம். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அது எனக்குப் புதிதில்லை. என் வாய்க்கு இத்தனை வருடம் யாராவது என்னோடு பேசிக்கொண்டிருப்பதுதான் அதிசயம்.

அவளிடம் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர் இல்லை.

எங்கள் ஊர் பாம்பன். நான் சொல்கிற காலத்தில் தீவுக்கு ரயில் மட்டும்தான் வரும். ரோட்டுப் பாலம் கட்டி முடியவில்லை. காய்கறி என்றால் ரயிலேறி வர வேண்டும். வந்து சேரும்போது பாதி வதங்கியிருக்கும். அதனால் எங்கள் தெருவில் கத்தரிக்காய்க்கு இருந்த மரியாதை இறாலுக்குக் கிடையாது. மூன்று வேளையும் மீன்தான். காய்ச்சல்காரனுக்கும் மீன் ரசம்தான். எங்கள் மேல், துணியில், தலைமுடியில், ஜெபப் புத்தகத்தில் எல்லாம் அந்த வாடை இருக்கும். இராமநாதபுரத்தில் பள்ளிக்கூடம் படித்தபோது என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருத்தி அழுதாள். மறுநாள் இடைவேளையில் அவள் சாப்பாட்டுத் தூக்கில் ஒரு நெத்திலிக் கருவாட்டைப் போட்டுவைத்தேன். அதற்கு வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. போட்டதற்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

கிறிஸ்மஸ் எங்களுக்கு எப்போது தொடங்கும் என்றால், கிறிஸ்மஸுக்கு நான்கு வாரம் முன்னால் வருகிற திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து எங்களை வரிசையாகக் கூப்பிடுவாள். ஆளுக்கு ஒரு பதார்த்தம் சொல்ல வேண்டும். சொன்னதை யாரும் மறுத்துப் பேசக்கூடாது. சொன்னது கிறிஸ்மஸ் மத்தியானம் இலைக்கு வந்துவிடும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் நான்தான் எழுதுவேன். ஒரு வருடம் நான் ஐஸ்கிரீம் என்று சொல்லிவிட்டேன். மறுக்கக்கூடாதே. மீனுக்குப் போடும் ஐஸை உடைத்து, சீனிப் பாலில் கொட்டிக் கலக்கி, என் முன்னால் வைத்து, முழுவதும் குடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்றாள். அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யா மட்டும் வருடா வருடம் ஒன்றையே சொல்வார்: "எதையாச்சும் வை." நானும் முதல் வரியில் அப்படியே எழுதுவேன். அய்யா: எதையாச்சும். அண்ணன்: விளமீன் சொதி. நான்: கோழி வறுவல். அதற்குள் கமுதிக்காரம்மா மூட்டையில் மிளகாய் கொண்டுவந்து தெருவில் அளந்து போட்டிருப்பாள். வறுக்கிற நெடியில் தெருவே தும்மிக்கொண்டிருக்கும். எனக்குக் கிறிஸ்மஸ் என்றால் அந்தத் தும்மல்தான்.

என் அண்ணன் பெயர் சவேரி. எனக்கு ஏழு வயது மூத்தவன். தங்கச்சிமடத்துப் பிலோமினாவைக் கட்டி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மதினிக்கு இருபத்திரண்டு வயது. குழந்தை இல்லை. எனக்குப் பத்தொன்பது. அந்த வருடம் நவம்பர் நடுவில் ஒரு நாள் காலையில், அண்ணன் தனியாக வத்தையில் பாய் ஏற்றித் தென்கடலுக்குப் போனான். மத்தியானம் காற்று மாறியது. மற்ற படகுகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. அவனும் வரவில்லை, அந்தச் சின்னப் படகும் வரவில்லை. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. அக்கரைக்கு ஒதுங்கியிருப்பான், மன்னாரில் யார் வீட்டிலாவது இருப்பான் என்று சொன்னார்கள். அப்படி ஒதுங்கி, மூன்று மாதம் கழித்து வேறு சட்டையோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. அதனால் நம்பலாம். நம்பினோம்.

இங்கே எங்கள் தெருவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போனவன் வரவில்லை என்றால், அந்த வீட்டுக்குத் தினமும் குழம்பு வைக்க மீன் வரும். யார் படகு முதலில் கரையேறுகிறதோ அவர்கள் நான்கு மீனைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். மீன் வருகிற வரைக்கும் 'அவன் வருவான்' என்று தெரு சொல்கிறது என்று அர்த்தம். இனி வரமாட்டான் என்று தெரு முடிவு செய்துவிட்டால், அதை வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் விடியும்போது வாசற்படியில் மீனுக்குப் பதிலாக ஒரு காய் இருக்கும். அன்றிலிருந்து, செத்தவனுக்குப் பூசை வைக்கும் வரை அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறாது. ஏன் என்று யாரும் விளக்க மாட்டார்கள். நான் விளக்குகிறேன். அவனைத் தின்ற மீனைத் தின்னக்கூடாது. அவ்வளவுதான்.

திருவருகை ஞாயிறு வந்தது. அண்ணன் போய்ப் பதினைந்து நாள். வாசலுக்கு மீன் வந்துகொண்டுதான் இருந்தது. அம்மா வழக்கம்போல அடுப்படியில் உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டாள். நான் காலண்டர் தாளைக் கிழித்தேன். அய்யா எதையாச்சும் வை என்றார். அடுத்தது அண்ணன் முறை. அம்மா அண்ணன் உட்காரும் இடத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அவன் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்கிற ஆள். அவன் யோசிக்கிற அளவு நேரம் காத்திருந்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"விளமீன் சொதி. தேங்காப்பாலு கெட்டியா வேணுங்கான். எழுதுடி."

என் முதுகில் ஈரத்துணியைப் போட்டதுபோல இருந்தது. வேணுமாம் என்று சொல்லவில்லை, வேணும் என்பான் என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கிறவன் சொன்னதைத் திருப்பிச் சொல்கிற மாதிரி வேணுங்கான் என்றாள். நான் எழுதினேன். மதினியின் முறை வந்தபோது அவள் ஒன்றும் வேண்டாம் என்றாள். வழக்கத்தை மாற்றக்கூடாது, சொல்லு என்று அம்மா அதட்டினாள். மதினி குனிந்தபடியே கத்தரிக்காய்க் கூட்டு என்றாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

அய்யா தினமும் தனியாகப் போய்த் தேடிக்கொண்டிருந்தார். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், எப்போதும் பொழுது சாயத் திரும்புகிறவர் உச்சிவெயிலில் திரும்பி வந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள், மகனைத் தேடச் சொல்லி ஆபீசில் மனுக் கொடுக்கப் போகிறேன் என்று இராமநாதபுரத்துக்கு ரயிலேறிப் போய், ராத்திரி திரும்பினார்.

அதற்கு மறுநாள் விடியும்போது வாசல் தெளிக்கப் போனேன். வாசற்படியில் ஒரு மஞ்சள் பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

அம்மா வெளியே வந்து பார்த்தாள். அழவில்லை. தூக்கிக்கொண்டு போய்க் கடலில் எறிந்தாள். அது மூழ்காமல் ஒரு தலையைப் போல அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு அம்மா தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள். என் மகனுக்குக் காய் வைத்தது எந்தச் சிறுக்கி என்று வீடு வீடாகக் கேட்டாள். நானும் பின்னாலேயே போனேன், ஏச்சுக்குத் துணையாக. எனக்கு அதில் அப்போதே நல்ல தேர்ச்சி. ஆனால் ஒரு வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாரும் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். ஒருத்தி அன்றைக்குக் கொடுக்க வைத்திருந்த மீனைக் காட்டி அழுதாள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பது கடைசி வீட்டுக்குப் போகும்போது எனக்கே தெரிந்துவிட்டது. தெருவுக்கும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் பயம் வந்தது. தெருவில் யாரும் வைக்கவில்லை என்றால் வைத்தது யார்?

மத்தியானத்துக்குள் பதிலும் வந்துவிட்டது. அவனே வந்து வைத்திருக்கிறான். நான் செத்துட்டேன், எனக்காகக் காத்திருக்காதீங்க என்று வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அன்றிலிருந்து எங்களுக்கு மீன் வரவில்லை. கரையில் நான் போய் நின்றால் கூடைக்காரிகள் கூடையைச் சாக்கால் மூடினார்கள். மூன்று நாள் கழித்து ஒரு சுரைக்காய் வந்தது. அதற்கு நான்கு நாள் கழித்து இரண்டு வாழைக்காய். பொழுது சாய்ந்தால் எங்கள் வாசலைக் கடக்கிறவர்கள் எதிர்ச் சாரியில் ஒட்டி நடந்தார்கள். விடியும்போது கதவைத் திறக்குமுன் சிலுவை போட்டுக்கொள்வேன். ஆனால் பயத்தைவிட எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது என் பிறவிக் குணம். யோசித்துப் பார்த்தேன். காயைக் கேட்டது யார்? மதினி. கத்தரிக்காய்க் கூட்டு கேட்டவள். நேரே போய், நீதானே வைக்கிறாய், எங்கள் அண்ணனைச் சாகடித்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போகப் பார்க்கிறாய் என்று கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நான் வைக்கல" என்றாள்.

"அப்ப யாரு?"

அவள் களைந்த தண்ணீரை வடித்தாள். நான் அந்தப் பாத்திரத்தைக் காலால் தட்டிவிட்டேன். அரிசி முழுவதும் மணலில் போனது. அவள் உட்கார்ந்து பொறுக்கினாள். இதையெல்லாம் எழுதாமல் விடலாம். விட்டால் நான் நல்லவளாகிவிடுவேன். வேண்டாம்.

அம்மா பட்டியலில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. வைக்கிறவர்கள் வைக்கட்டும், என் மகன் கேட்டது இலைக்கு வரும் என்றாள். பாம்பனில் மீன் தரமாட்டார்கள் என்பதால், கிறிஸ்மஸ் அன்று விடிந்ததும் எங்களைத் தெரியாத இடமாகப் பார்த்து மண்டபத்துக்கு நான் ரயிலேறிப் போனேன். பெரிய விளமீன் மூன்று வாங்கி, ஓலைக் கொட்டானில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். கீழே தண்ணீர். மடியில் மூன்று மீனும் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தன. பிறந்ததிலிருந்து மீன் முகத்தில் விழித்தவள் நான். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு மீனின் முகத்தைத் துணியால் மூடினேன்.

மத்தியானம் ஐந்து இலை போட்டோம். அண்ணன் இலையிலும் சோறு வைத்து அம்மா சொதியை ஊற்றினாள். கெட்டித் தேங்காய்ப்பால். அய்யாவுக்கு நான் பரிமாறினேன். வீட்டு ஆண் என்பதால் மீன் தலை அவருக்கு. அவர் கையை இலையில் வைத்தபடி அப்படியே இருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தின்றால் மகன் இருக்கிறான். தின்னாவிட்டால் இல்லை. அதற்கு மேல் அந்தச் சாப்பாட்டில் ஒன்றும் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணன் உசுரோட இருக்கான்னு நம்புறீகளா இல்லையா? நம்புனா தின்னுங்கய்யா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தின்றார். கன்னச் சதையைத் தோண்டித் தின்றார். கண்ணைத் தின்றார். முள்ளை உறிஞ்சி இலை ஓரத்தில் வரிசையாக வைத்தார். இன்னும் வேணுமா என்று அம்மா கேட்டாள். வை என்றார். அவரைப் பார்த்துக்கொண்டே மதினியும் கத்தரிக்காய்க் கூட்டைத் தள்ளிவிட்டு மீனை எடுத்து வைத்துக்கொண்டாள். வீட்டில் முள்ளை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா சிரித்தாள். நாற்பது நாளில் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வாசலில் காய் வரவில்லை. பார்த்தியா, அவன் கேட்டதைச் சமைச்சோம், நின்னு போச்சு என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். தெருவும் மெல்ல மெல்லக் கூடையைத் திறந்தது.

அப்படிப் பதினோரு கிறிஸ்மஸ் போனது. நடுவில் எனக்குப் பரமக்குடியில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஆனாலும் திருவருகை ஞாயிறு என்றால் பாம்பனுக்கு வந்துவிடுவேன், பட்டியல் எழுத. ஒவ்வொரு வருடமும் அம்மா அந்த இடத்தைப் பார்த்துத் திரும்பி உட்காருவாள், காத்திருப்பாள், கேட்டுச் சொல்வாள். சில வருடம் அவனோடு சிரிப்பாள். ஒரு வருடம் அவனுக்குப் பல்வலி, முள்ளில்லாத மீனாகப் பார் என்றாள். என் பிள்ளைகள் அந்த மூலைப் பக்கம் போக மாட்டார்கள். மதினியின் அண்ணன்மார் இரண்டு தடவை வந்து, பூசை வையுங்கள், இவளை வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கிறோம் என்று கேட்டார்கள். புருசன் உயிரோடு இருக்கிறவளை எப்படிக் கட்டிக்கொடுப்பீர்கள் என்று அம்மா விரட்டினாள். அய்யா வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். மதினிக்கு இருபத்தைந்து ஆனது. முப்பது ஆனது. காதோரம் நரைத்தது.

அம்மா ஒரு செப்டம்பரில் செத்துப்போனாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அந்தத் திருவருகை ஞாயிறும் வந்தேன். பழக்கம். அடுப்படியில் அய்யா, மதினி, நான். காலண்டர் தாளைக் கிழித்து, கேட்காமலேயே முதல் வரியில் எதையாச்சும் என்று எழுதத் தொடங்கினேன்.

"மீனு வேண்டாம்" என்றார் அய்யா.

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக வாயைத் திறந்து ஒன்றைச் சொல்கிறாரே, ஏனய்யா என்று கேட்டேன்.

"அவ இருந்த வரைக்கும் தின்னேன். இனிமே ஏலாதுத்தா."

பிறகு சொன்னார். அன்றைக்கு உச்சிவெயிலில் திரும்பி வந்தாரே, அன்றைக்கு அண்ணனைப் பார்த்துவிட்டார். கடலுக்கடியில் இருந்த பாறை ஒன்றில் வலையோடு சுற்றிக் கிடந்திருக்கிறான். வலை அய்யா கட்டிய வலை. கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியம் இருந்திருக்கிறது. முகம் இல்லை. மீன்கள் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தனவாம். நங்கூரக் கல்லை அவிழ்த்து, முங்கிப் போய், மேலே மிதந்து வராதபடி அவனோடு சேர்த்துக் கட்டி, பரலோக மந்திரம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஏன் கொண்டுவரவில்லை என்று கத்தினேன்.

"கொண்டாந்து ஒங்க ஆத்தாகிட்ட எதைக் காட்ட?"

வாயால் சொல்ல முடியவில்லை. அதனால் இராமநாதபுரத்தில் காய் வாங்கி வந்து வலைக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்து, ஒவ்வொன்றாக வாசலில் வைத்திருக்கிறார். தெரு சொன்னதாக இருக்கட்டும் என்று நினைத்தாராம். தெரு மறுக்கும் என்றோ, அது பேய்க்கதையாக மாறும் என்றோ அவர் நினைக்கவில்லை. மனிதர் கடலைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்.

மதினி அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா. மொத நாளு நீங்க பூசணிக்காய வைக்கையில அடுப்படி ஜன்னல்ல நின்னுக்கிட்டு இருந்தேன்."

அய்யா அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் சொப்பனத்தில் வருகிறது. ஏன் தாயி சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன். நீங்க தின்னீக. நானும் தின்னேன்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு இருந்தது. இரண்டு பேர் மேலும் இருந்தது. பதினோரு வருடம் ஒரே சட்டியில் தின்றுகொண்டு, இரண்டு பேரும் தெரிந்துகொண்டு, ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அம்மாவின் ஆறுதலுக்கு மதினியின் வயதைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களே என்று அய்யாவைக் கேட்டேன். கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டார். அரிசியைத் தட்டிவிட்டதற்கு மதினியிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குத் தைரியம் வரவில்லை. வாய் பெரியது என்றால் தைரியமும் பெரியது என்று அர்த்தம் இல்லை.

அந்த மாதமே அண்ணனுக்குப் பூசை வைத்தோம். இனி எங்கேயாவது போ, உனக்கென்று ஒரு வாழ்க்கையைப் பார் என்று மதினியிடம் சொன்னேன். எங்க போக என்று கேட்டாள். அய்யா சாகும்வரை அவள்தான் சோறாக்கிப் போட்டாள். மீன் வைக்கவில்லை. அவர் செத்து ஒரு வருடம் கழித்துத்தான் ஒரு நாள் என்னிடம், உன் அண்ணன் கிடக்கிற இடத்துக்கு ஒரு தடவை போய் வரலாமா என்று கேட்டாள். அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

இடத்தை அய்யா சொல்லியிருந்தார். கடலில் இடத்துக்கு அடையாளம் கரையில்தான் இருக்கும். மாதா கோயில் கோபுரத்துச் சிலுவை, கரையில் நிற்கிற இரட்டைப் பனைக்கு நடுவில் தெரிய வேண்டும். மேற்கே பார்த்தால் இடிந்த சுங்கக் கட்டடத்தின் சுவர் தீவின் மூக்கு முனையைத் தொடுவதுபோலத் தெரிய வேண்டும். இரண்டும் ஒருசேர எங்கே அமைகிறதோ, அதுதான் இடம். நாங்கள் இருவரும் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரின் இயந்திரப் படகில் போனோம். அரைமணி நேரம் போனபிறகு கரையைத் திரும்பிப் பார்த்தோம். கோயிலைப் பெரிதாகக் கட்டுகிறோம் என்று பழைய கோபுரத்தை இடித்திருந்தார்கள். புதியது வேறு பக்கத்தில் எழும்பி, சாரத்துக்குள் நின்றது. இரட்டைப் பனையில் ஒன்று இல்லை. சுங்கக் கட்டடம் இருந்த இடத்தில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். இவ்வளவையும் நான் வருடா வருடம் ஊருக்கு வந்து கண்ணால் பார்த்திருக்கிறேன். அண்ணனின் இடம் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

படகுக்காரர் இயந்திரத்தை அணைத்தார். எங்கன நிறுத்தணும் என்று கேட்டார். நான் மதினியைப் பார்த்தேன். அவள் பூவை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு தடவையும் கேட்டார்.